சேர்வர் பார்க்கிற ஆட்களின் கவனத்துக்கு

எல்லாருக்கும் வணக்கம். சனி இரவு எங்கள் சனசமூக நிலையத்தின் தளம் இரண்டு மணித்தியாலம் திறக்கவில்லை. சிபியு சும்மா கிடந்தது, லொக் கோப்பில் புதிதாக ஒரு வரியும் இல்லை. அப்புறம் எண்ணிப் பார்த்தால் தளத்தை வழங்குகிற அப்பாச்சி மென்பொருளில் ஒரே நேரத்தில் இணைப்புகளை ஏற்கிற 150 இடமும் நிரம்பியிருக்கிறது. ஸ்லோலோரிஸ் தாக்குதல்! 2009இல் வந்த பழைய வித்தை. கோரிக்கையின் தலைப்பை (பக்கத்தைக் கேட்கும்போது முதலில் போகிற விவர வரிகளை) முடிக்காமல், இடைக்கிடை ஒவ்வொரு வரியாக அனுப்பி இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வங்கிக் கவுண்டரில் நின்றபடி படிவத்தை எழுத்தெழுத்தாக நிரப்புகிற ஆளைப்போல. கோரிக்கை முடிந்தால்தான் லொக்கில் பதிவாகும். அந்த அமைதிக்குக் காரணம் அதுதான்.

இப்படி இழுத்தடிக்கிற இணைப்புகளை வெட்டுகிற அப்பாச்சியின் மொட் ரெக்டைம்அவுட்டை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். சரி, நான்தான். இப்போது தலைப்புக்கு 20 முதல் 40 விநாடி, விநாடிக்குக் குறைந்தது 500 பைட் என்று போட்டிருக்கிறேன்.

உலாவியும் சேர்வரும் பேசுகிற முறையின் இரண்டாம் பதிப்பான எச்டிடிபி 2 ஓடவிடுபவர்கள் அப்டேட் போட்டீர்களா? 2023 ஒக்டோபரில் வெளிவந்த ரப்பிட் ரீசெட் தாக்குதலில் கோரிக்கையை அனுப்பிய கையோடு ரத்துச் செய்வார்கள். கூகுளுக்கு விநாடிக்கு 398 மில்லியன் கோரிக்கை வரை வந்தது. 2024 ஏப்ரலில், தலைப்பை முடிவில்லாமல் நீட்டவிடுகிற கன்டினியுவேஷன் ஓட்டை; அதை அப்பாச்சி 2.4.59இல் அடைத்தார்கள். உபுண்டுவில் பதிப்பு எண் பழையதாகவே நிற்க, திருத்தம் மட்டும் வந்து சேரும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு நிலையத்தில் இருப்பேன். லப்டொப்போடு வாருங்கள்.