அந்தக் காட்சிகள் இழுவை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காணாமல் போன குழந்தையைத் தேடும் அந்த த்ரில்லர் படத்துக்குப் போன வெள்ளிக்கிழமை நீங்கள் போட்டிருந்த விமர்சனத்தைப் படித்தேன். நட்சத்திரம் குறைத்துப் போட்டதில் எனக்கு வருத்தமில்லை, அது அவரவர் ரசனை. "காவல் நிலையக் காட்சிகள் ஒரே இழுவை, இந்தக் காலத்தில் இப்படியா நடக்கும்?" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாரே உங்கள் விமர்சகர், அதைத்தான் தாங்க முடியவில்லை. நடக்கும் சார். எங்கள் வீட்டில் நடந்தது.

திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் பௌர்ணமிக் கூட்டத்தில் என் தங்கை பையன் கையை விட்டுப் போய்விட்டான். பேச்சு கொஞ்சம் திக்கும், பெயர் கேட்டாலே முழுசாகச் சொல்ல மாட்டான். கோயில் பக்கத்து ஸ்டேஷனில் "உங்க வீடு தண்டையார்பேட்டை, அங்க போய் குடுங்க" என்றார்கள். அங்கே போனால் "காணாம போனது எங்க லிமிட் இல்லையே" என்றார்கள். அப்புறம் போட்டோ ரெண்டு காப்பி, ஆதார் ஜெராக்ஸ். ராத்திரி பத்து மணிக்கு எந்த ஜெராக்ஸ் கடை திறந்திருக்கும்? சட்டை என்ன கலர் என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கேட்டார்கள், எதிரில் இருந்த பேனாவை மட்டும் யாரும் தொடவில்லை. "சொந்தக்காரங்க வீட்ல பார்த்தியாம்மா, காலைல வா" என்றபோது என் தங்கை அழக்கூட இல்லை, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். படத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருப்பதை "உணர்ச்சியே காட்டாத நடிப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

குழந்தை காணோம் என்று புகார் வந்தால் உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதமே சொல்லிவிட்டது. அதே வருஷம் நவம்பரில், வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று வந்த லலிதா குமாரி தீர்ப்பு உங்களுக்குத் தெரியாததில்லை. அந்த வழக்கே, காணாமல் போன சிறுமியின் அப்பா கொடுத்த புகாரைப் பதியாமல் விட்டதால் வந்ததுதானே. இருபத்துநாலு மணி நேரம் பொறுக்கணும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. தங்கள் ஸ்டேஷன் எல்லை இல்லை என்றாலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று அங்கேயே புகாரைப் பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களேதான் அனுப்பணும். அன்றைக்கு இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது, அங்கே யாரும் சொல்லவும் இல்லை. உங்கள் விமர்சகருக்கு இழுவையாகத் தெரிந்த காட்சிகளில் படம் சொன்னது இதைத்தான்.

பையன் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறியிருக்கிறான். மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா அவனை மீஞ்சூரில் இறக்கி, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யாரையோ போன் பண்ணச் சொல்லிப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அந்த அம்மாவால்தான் கிடைத்தான். அதற்கப்புறம் ரொம்ப நாள் லைட்டை அணைத்தால் தூங்க மாட்டான், அவன் அம்மா பாத்ரூம் போனாலும் கதவுக்கு வெளியே நிற்பான். "குழந்தை கிடைத்ததும் படத்தை முடித்திருக்கலாம்" என்று உங்கள் பத்திரிகை மட்டுமில்லை, யூடியூபில் பேசுகிற எல்லோரும் சொல்கிறார்கள். கிடைத்ததும் எங்களுக்கு எதுவும் முடியவில்லை.

எல்லோரும் ஒரே குரலில் பாராட்டியது எதை? காசிமேட்டில் கத்தியோடு துரத்துகிற காட்சியை. எங்கள் பக்கம் என்றால் அதுதான் "யதார்த்தம்" போலிருக்கிறது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து வலையும் படகும் பாழானபோது, எங்கள் தெருவில் இருந்து எத்தனை பேர் உங்களுக்குக் கடிதம் போட்டோம், ஒன்றாவது வந்ததா? வெட்டுக்குத்து என்றால் மட்டும் "வடசென்னையில் பயங்கரம்" என்று முதல் பக்கம். 2020-ல் அகஸ்தியா தியேட்டர் மூடியபோது அதில் படம் பார்த்தே வளர்ந்த எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் பத்திரிகையை என் அப்பா காலத்திலிருந்து வாங்குகிறோம், அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

விமர்சனத்தை மாற்றச் சொல்லவில்லை. படம் இன்னும் ஓடுகிறது, வருகிற வெள்ளிக்கிழமை அதே சினிமா பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்: குழந்தையைக் காணோம் என்றால் 1098, எந்த ஸ்டேஷனிலும் உடனே புகார் கொடுக்கலாம், எஃப்.ஐ.ஆர். நகலைக் காசில்லாமல் கேட்டு வாங்கலாம். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், வயசானவர்களும் படிக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை