காலிமனை வைத்திருக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கு

துபாயிலும் மலேசியாவிலும் சென்னையிலும் இருக்கும் அண்ணன்மாருக்கும் மாமாமாருக்கும் வணக்கம்.

உச்சிப்புளிப் பக்கம் நம் தெருவில், வீட்டுக்குப் பின்னால் சின்ன நர்சரி போட்டிருக்கிறேனே, நான்தான் எழுதுகிறேன். என் இடம் மொத்தமே 6 சென்ட். பாதியில் மல்லிகைப் பதியன் பாத்தி, மீதியில் முருங்கை, வேம்பு, தென்னங்கன்று. இப்போது நடக்கவும் இடமில்லை. உங்கள் மனைகளிலோ சீமைக் கருவேலம் ஆள் உயரம் தாண்டி நிற்கிறது. அதில் இரண்டு மனைகளை இரவலாகக் கேட்கிறேன்.

ஏன் இரண்டு மட்டும்? என் கிணறு அவ்வளவுதான் தாங்கும். இந்த மணலில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் கிடக்கிறது. பேராசைப்பட்டு இறைத்தால் உப்பு ஏறிவிடும். உங்கள் மனையில் போர் போடவும் மாட்டேன், மண் அள்ளவும் மாட்டேன்.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூந்தோட்டங்களுக்குப் போகும் கன்றுகளில் நிறைய, நம் தங்கச்சிமடம் பக்கத்து மணலில் வேர் பிடித்தவை. ஆனால் உங்கள் மனையில் மல்லிகை போட மாட்டேன். குச்சி வேர்விட மாதக்கணக்கில் ஆகும், நடுவில் பிடுங்கினால் அத்தனையும் போச்சு. முன்பு ஒருவர் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடத்தில் பாத்தி கட்டினேன். மனை விலை போனதும் ஒரே வாரத்தில் காலி செய்யச் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை, புத்தி எனக்குத்தான் வேண்டும். அதனால் பாத்தி என் இடத்திலேயே இருக்கட்டும். உங்கள் இடத்தில் பாக்கெட் கன்றுகளை மட்டும் அடுக்குவேன். சொன்னால் இரண்டு நாளில் வண்டியில் ஏற்றிவிடலாம். நிழல்வலைக்குக் கம்பு நடுவேன், சிமென்ட் கிடையாது.

சரி, உங்கள் பயம் எனக்குத் தெரியும். 'உள்ளே விட்டால் வெளியே போவாளா?' 12 வருடம் அனுபவித்தால் இடம் அவர்களுக்கே என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். அது உரிமையாளரின் அனுமதி இல்லாமல், அவருக்கு எதிராக அனுபவிப்பவருக்குப் பொருந்துவது. உங்கள் அனுமதியில்தான் இருக்கிறேன் என்று முத்திரைத்தாளில் நானே எழுதித் தருகிறேன். 11 மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதிக்கொள்வோம். பெரிய வாடகை தர என்னிடம் இல்லை; அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதிலுக்கு, கருவேலத்தைத் தூரோடு தோண்டி எடுக்கிறேன். வெட்டி மட்டும் விட்டால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். விறகைக் கரிமூட்டக்காரர் எடுத்துக்கொள்வார். தோண்டும் கூலி போக மிஞ்சும் காசு உங்களுடையது. எல்லைக் கல்லை அசைக்க மாட்டேன், பனையோலை வேலி நான் கட்டுகிறேன். மாதம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவேன். நீங்கள் வீடு கட்டும்போது வாசலுக்கு இரண்டு தென்னங்கன்று என் பொறுப்பு. அப்புறம், அந்தப் புதரிலிருந்து தெருவுக்கு வரும் பாம்பைப் பற்றி உங்கள் அம்மாமாரிடமே கேட்டுப் பாருங்கள்.

ஐப்பசி முதல் மழை விழுந்து மண் இளகியதும் தூர் தோண்ட ஆள் கூப்பிட வேண்டும். அதற்குள் சரியென்றோ வேண்டாமென்றோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கிணற்றடி நர்சரிக்காரி