கையெழுத்துப் போடும் முன் இதைப் படி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் தணிந்திருக்கிறது.

"நம் வயலில் நடப்போவது ஒரு மின்கோபுரம்தானே அம்மா, அதற்கா ஊரே திரண்டு நிற்கிறது?" என்று போனில் கேட்டாய். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன்.

கயத்தாறில் காற்றாலைகளுக்கு நடுவே வேலை பார்க்கிறவன் நீ. அங்கே இறக்கை சுற்றினால் மட்டும் போதாது, அந்த மின்சாரம் போய்ச் சேரத் தடம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கஜா புயலில் லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்து டெல்டா இருண்டு கிடந்தபோது, வெளி மாவட்டத்து மின் ஊழியர்கள் நம் வயல் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அவர்களுக்கு நம் வீட்டிலிருந்துதான் சோறு போனது. எங்களை மின்சாரத்துக்கு எதிரி என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கோபுரக் கால் நிற்கும் இடம் சிறியதுதான். கம்பிக்கு அடியில் விட வேண்டிய அகலத்தைப் பார். 400 கிலோவோல்ட் தடத்துக்கு 46 மீட்டர். நம் ஆறு மா (இரண்டு ஏக்கர்) நிலத்தில் அது நூறு மீட்டர் கடந்தாலே மூன்று மாவுக்கு மேல் அதற்குள் போய்விடும். நெல் போடலாம் என்கிறார்கள், சரி. தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, ஃபில்டர் பாயிண்ட் என்கிற குழாய்க் கிணறு இறக்க நீளக் குழாயைத் தூக்கி நிறுத்த முடியாது. நான்கு காலுக்கு நடுவே டிராக்டர் நுழையாது. கோரையும் எலியும் குடியேறும். கலவை வண்டி வர வாய்க்காலை மண் கொட்டி அடைத்தால் நமக்குக் கீழே இருக்கிறவர்கள் நடவுக்கு எங்கே போவார்கள்? மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதே பெரும்பாடு.

டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம் காப்பாற்றும் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். அந்த 2020 சட்டம் ஹைட்ரோகார்பன் மாதிரியான திட்டங்களைத்தான் தடுக்கிறது. சாலை, மின்சாரம் போன்றவற்றுக்கு விலக்கு வைத்திருக்கிறது. கோபுரம் நடுகிறவர்களுக்கோ 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை 2003 மின்சாரச் சட்டம் கொடுத்தது. தந்தி அடிப்பதே 2013-இல் நின்றுபோனது, அதன் அதிகாரம் மட்டும் நம் வரப்பில் நிற்கிறது. நிலம் நம் பெயரிலேயே இருக்குமாம்; ஆனால் நம் சம்மதம் தேவையில்லையாம். மறித்தால் ஆட்சியர் உத்தரவு போடுவார். தொகை போதாது என்றால் மாவட்ட நீதிமன்றம். எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். பணம் அதற்குப் பிறகு.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்திய மின்துறை 2024-இல் திருத்திய வழிகாட்டுதலில் கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பித் தடத்துக்கு 30 சதவீதம். முன்பிருந்ததைவிட நல்லதுதான். ஆனால் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர்களை நினைத்துப் பார். நிலத்துக்கான தொகை கோயில் கணக்குக்குப் போகும். கோபுரத்தைச் சுற்றி ஏர் திருப்புகிறவன் குத்தகைக்காரன். பயிர்ச் சேதத்துக்கு ஒருமுறை ஏதோ கிடைக்கும், அவ்வளவுதான்.

கொங்குப் பக்கத்து விவசாயிகள் சாலையோரம் கேபிளாகப் புதைக்கக் கேட்டுப் போராடினார்கள். புகளூரிலிருந்து திருச்சூர் போகும் தடம் நம் மாநிலத்தில் கோபுரத்தில் வந்து, கேரளத்துக்குள் ஒரு பகுதியில் மண்ணுக்கடியில் போகிறது. அது நேர்மின்னோட்டம் (DC), இங்கே வருவது மாறுமின்னோட்டம் (AC), அதை அப்படிப் புதைக்கச் செலவு பல மடங்கு என்று நீ சொல்வாய். இருக்கட்டும், புதைக்க வேண்டாம். வடிகால் கரைப் புறம்போக்கை ஒட்டித் திருப்பலாமே என்று அளக்க வந்தவர்களிடம் கேட்டோம். "வரைபடம் முடிந்துவிட்டது" என்றார்கள். வரைவதற்கு முன் ஒரு நாள் இங்கே வந்து கேட்டிருக்கலாம்.

கூட்டுப் பட்டாவில் உன் பெயரும் இருக்கிறது. ஆட்சேபணை மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துப் பார், தடமே வேண்டாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. மனசுக்குச் சரி என்று பட்டால் கையெழுத்திட்டுக் கூரியரில் அனுப்பு. சரியில்லை என்றால் எந்த வரி என்று எழுது. தடத்தை எவ்வளவு தூரம் வளைக்கலாம், அதற்கு எந்த மாதிரிக் கோபுரம் வேண்டும் என்பதையும் உன் அலுவலகத்தில் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தனித்தாளில் குறித்து வை. அடுத்த கூட்டத்தில் அதை நான் படித்துக் காட்ட வேண்டும்.

சித்தப்பா கோபுரக்காரர்களின் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டதாக ஊரில் பேச்சு. நீ போன் போட்டு அவரிடம் சண்டை பிடிக்காதே. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா