இங்கிலாந்து கிராமம்னா கூரை வீடும் ரோஜாச் செடியும் மட்டும்தானா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். போன ஞாயிறு மலர்ல இங்கிலாந்து கிராமங்கள் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், படமெல்லாம் ஜோர், ஆனா முழுக்க கூரை வேய்ஞ்ச வீடு, ரோஜாக்கொடி, டீக்கடை இவ்வளவுதான் இருந்துச்சு. அந்த ஊர்க்காரங்க என்ன பொழப்பு பொழைச்சாங்கன்னு ஒரு வரி இல்ல.

நாட்டிங்காம்ல மக வீட்டுல மூணு மாசம் இருந்தப்ப மருமகன் லாக்ஸ்டன்னு ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போனாரு. பாத்தா சாதாரண ஊருதான், செங்கல் வீடுங்க, ஒரு பழைய சர்ச்சு. ஆனா ஊருக்கு வெளிய வந்தா மூணு பெரிய வயக்காடு, வேலியே கிடையாது! மத்த ஊர்ல பெரும்பாலும் 18, 19ம் நூற்றாண்டுக்குள்ள பொது நிலத்தை வேலி போட்டு வளைச்சுட்டாங்க, ஏழைபாழைங்களுக்கு மாடு மேய்க்கக்கூட இடமில்லாம போச்சு. இங்க மட்டும் பழைய மாதிரியே ஆளுக்குக் கொஞ்சம் நீள நீளமா பட்டை பட்டையா பிரிச்சு, ஒரு வயல்ல கோதுமை, ஒண்ணுல வசந்தகால வெள்ளாமை, ஒண்ணை ஆறப் போடுறதுன்னு வருஷா வருஷம் மாத்தி மாத்தி பண்றாங்க. ஒருத்தருக்கே நல்ல மண்ணு எல்லாம் போயிடக் கூடாதுன்னுதான் இப்படி பிரிச்சு வச்சதாம். 1635ல போட்ட மேப்புல 2,000க்கு மேல பட்டை, எது யாருதுன்னு எழுதியிருக்கு, ஏர் ஓட்டுறது அறுப்பு அறுக்குறதுகூட குட்டி குட்டியா வரைஞ்சிருக்காங்க.

வரப்புத் தகராறு வராம இருக்குமா? அதுக்குத்தான் கோர்ட் லீட்னு ஊருக்கே சொந்தமா ஒரு கோர்ட்டு. நவம்பர் கடைசி வாக்குல ஜூரிங்க டிரெய்லர்ல ஏறி வயலுக்குப் போயி, யாராவது பாதையையோ பொதுப் புல்லையோ சேத்து உழுதிருந்தா அங்கேயே மரக்குச்சி அடிச்சு எல்லை காட்டிடுவாங்க, அடுத்த வாரம் ஊரு பப்புல கோர்ட்டு கூடி அபராதம் போடுவாங்க. (பப்புல கோர்ட்டுன்னதும் நான் சிரிச்சுட்டேன், மருமகன் முறைச்சாரு.) 1977ல இந்த மாதிரி பழைய கோர்ட்டுங்க அதிகாரத்தை பார்லிமெண்ட் பிடுங்கினப்பகூட லாக்ஸ்டனை விட்டு வச்சுட்டாங்க.

1952ல ஜமீன் குடும்பம் நிலத்தை அரசாங்கத்துக்கு வித்துச்சு, 2020ல அந்தக் குடும்பத்து எஸ்டேட்டே திரும்ப வாங்கிடுச்சு. அடுத்த மலர்ல இந்த ஊருக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்க அய்யா, நான் எடுத்த போட்டோ அனுப்புறேன், ரோஜா இருக்காது, அடிச்ச மரக்குச்சி ஒண்ணு மட்டும் இருக்கும்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர்