பெயரில்லாப் பாதைக்குப் பெயரும் வீடுகளுக்கு இலக்கமும் கோரும் மனு

பிரதேச செயலாளர் அவர்கட்கு,
கிராம உத்தியோகத்தர் ஊடாக.

ஐயா,

நுவரெலியாவை 1846இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நிறுவினார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். வேட்டைக்கு வந்த இடத்தில் காட்டுக் காய்ச்சல் பிடித்து, குளிர்காற்றில் தேற அங்கே போனவர். அவருக்கு முன்னமே, 1820களில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே பங்களா கட்டிவிட்டார். ஊர்ப்பெயரும் சிங்களத்தில் இருந்தது. சரி, பெயர் இருந்த ஊருக்கு நிறுவனர் கிடைத்துவிட்டார். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, 24 வீட்டு நிறுவனர்கள் இருக்கிறோம், பெயர்தான் கிடைக்கவில்லை.

வீதியிலிருந்து லயத்துக்கு இறங்கும் பாதையை எங்கள் மரண உதவிச் சங்கம்தான் சிரமதானத்தில், கூலியில்லாமல் கூடி உழைத்து, வெட்டியது. நான்கு மணிக் கூட்டத்துக்கு ஆறு மணிக்குத்தான் ஆள் சேரும், தேத்தண்ணி வந்த பிறகுதான் தீர்மானம் வரும். ஆனால் மம்பட்டி பிடிக்கிற அன்று ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு எல்லோரும் வந்தார்கள்.

1848இல் பேக்கர் ஆள், மாடு, வேட்டை நாய்களோடு குடியேற வந்தபோது, அவருடைய வண்டியை வண்டிக்காரர் இறம்பொடைக் கணவாயில் பள்ளத்துக்குள் உருட்டிவிட்டார். உதவிக்கு அனுப்பிய யானையும் அதே ஆள் விரட்டிய விரட்டில் செத்துப்போனது. பேக்கரே எழுதிவைத்த கதைதான். போன மழைக்கு எங்கள் பாதையில் ஓர் ஆட்டோ சரிந்தது. நாங்கள் யானை கேட்கவில்லை, எட்டுப் பேர் சேர்ந்து தூக்கிவிட்டோம்.

கடிதத்தைத்தான் தூக்கிவர முடியவில்லை. வீட்டு இலக்கம் இல்லாததால் எல்லாத் தபாலும் ஒரே மேசையில் கட்டாகக் கிடக்கிறது. லயத்தில் கே. லெட்சுமி மூன்று பேர். ஒரு லெட்சுமிக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதத்தை இன்னொரு லெட்சுமி, கண்ணாடி இல்லாமல், சீட்டுக்காசு நோட்டீஸ் என்று அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டார். எடுத்துப் பார்த்தபோது தேர்வு முடிந்து மூன்று நாள்.

ஆகவே, பாதையைப் பதிவு செய்து 1 முதல் 24 வரை இலக்கம் தந்து உதவுமாறு கேட்கிறோம். பெயருக்குச் சங்கத்தில் இரண்டு கூட்டம் சண்டை நடந்தது. "பேக்கர் பாதை" என்று சொன்னவரை உட்காரவைத்துவிட்டு, கடைசியில் "மம்பட்டிப் பாதை" என்று ஒப்புக்கொண்டோம். பலகையும் கம்பும் நாங்களே தருகிறோம். மூன்று மொழியிலும் எழுதுங்கள். தமிழை மட்டும், பெயின்ட் பூசுவதற்கு முன் எங்களுக்கு ஒருமுறை காட்டுங்கள் ஐயா, "மம்பட்டி" எப்படியெல்லாம் மாறும் என்று பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர், மரண உதவிச் சங்கம்
(24 வீட்டாரின் கையொப்பம் இணைக்கப்பட்டுள்ளது)

பதில் அனுப்ப வேண்டிய முகவரி: கோயிலடிச் சந்திக் கடை. கடைக்காரரிடம் "கீழ் லயத்து ஆட்களுக்கு" என்று சொன்னால் போதும்.