கிழக்கு பார்த்த வீடு

புதுச்சேரி

அன்புள்ள மச்சான்,

அம்மா சுகம். பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாத்தியார் உன்னை விசாரித்தார். பதில் தாமதம், பொறுத்துக்கொள்.

நீ மைன்கிராஃப்ட் கேமில் பிளாக் பிளாக்காகக் கட்டியிருக்கிற ஆயா வீட்டைப் பார்த்தேன். தாழ்வாரத்து மரத்தூண், மாடியில் வளைவு ஜன்னல், கைப்பிடிச் சுவர், எல்லாம் அப்படியே. இடித்துவிட்ட வீடு இனி அங்கேதான் நிற்கப் போகிறது. அதனால்தான் சொல்கிறேன்: பெரியம்மாவுக்கு ஏ3 அளவில் அச்சடித்துக் கொடுக்க கேமிலிருந்து நீ எடுத்து அனுப்பிய படங்கள் போதாது.

முகப்பு ஏன் அழுக்காகத் தெரிகிறது என்று கேட்டிருந்தாய். மஞ்சள் கான்கிரீட்டை மாற்றாதே, அதன்மேல் குற்றமில்லை. ஷேடர், அதாவது வெளிச்சத்தை மாற்றும் கூடுதல் நிரல், போடாத கேமில் பிளாக்கின் ஒவ்வொரு பக்கத்தின் வெளிச்சமும் அது பார்க்கும் திசையைப் பொறுத்தது. மேல்பக்கத்துக்கு முழு அளவு, வடக்குக்கும் தெற்குக்கும் 80 சதவீதம், கிழக்குக்கும் மேற்குக்கும் 60, அடிப்பக்கத்துக்கு 50. சூரியன் எங்கே இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆயா வீடு கடலைப் பார்த்த வீடு. காலை வெயில் நேராகத் திண்ணையில் விழுந்த வீட்டைக் கேம் நாள் முழுக்க மங்கலாகவே வைத்திருக்கிறது.

படங்களைத் திருத்தும் ஜிம்ப் மென்பொருளில் இதைச் சரிசெய்யலாம். லேயரை நகலெடுத்து, திருத்தம் எங்கே தெரிய வேண்டும் என்று காட்டும் மாஸ்க்கில் கிழக்குச் சுவர்களை மட்டும் வெள்ளையாக விடு. வானம், தரை, திண்ணையின் மேல்பரப்பு எல்லாம் கறுப்பு. பிறகு லெவல்ஸில் உள்ளீட்டின் 255-ஐ 191-க்கு இறக்கு. 60 சதவீதம் 80 ஆகிவிடும். அந்தச் சுவர்களில் எந்த நிறமும் 153-ஐத் தாண்டாது என்பதால் வெள்ளைக் குவார்ட்ஸ் வேலைப்பாடு வெளிறிப் போகாது. சுவர் தூக்கலாக மஞ்சளடித்தால் ஹியூ-சாச்சுரேஷனில் மஞ்சளை மட்டும் 10, 15 குறை. சுண்ணாம்புப் பூச்சின் மஞ்சள் பளிச்சென்று கத்தாது. பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு மீட்டெடுத்த வைசியாள் வீதியில் காலையில் எடுத்த படம் ஒன்று அனுப்புகிறேன், பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்.

ஆனால் ஜிம்ப்பால் ஆகாத காரியங்களும் உண்டு. அண்ணாந்து எடுத்ததால் தூண்களெல்லாம் மேலே போகப் போகக் கூம்புகின்றன. பெர்ஸ்பெக்டிவ் கருவியால் நிமிர்த்தினால் பிளாக்குகளின் மேல் உள்ள 16 பிக்சல் டெக்ஸ்ச்சர்கள் கோணிவிடும். கேமில் உன் உலகத்தை நகலெடுத்து, அந்த நகலில் எதிர்வாடை வீடுகளை எடுத்துவிடு. வீட்டின் பாதி உயரத்துக்குப் பறந்து, இடம் மாற்றும் டெலிபோர்ட் கட்டளையின் கடைசியில் 90 0 என்று சேர். முகம் நேர் மேற்கே திரும்பும், பார்வை மட்டமாக நிற்கும். பார்வையின் அகலமான ஃபீல்டு ஆஃப் வியூவை 70-இலிருந்து 30-க்குக் குறைத்துவிட்டுத் தள்ளிப் போ. விளிம்புகள் விரியாது. வானிலை தெளிவு, நேரம் 6000 (கேமில் நடுப்பகல்), ஸ்மூத் லைட்டிங் கட்டாயம் இருக்கட்டும். எஃப்1 அழுத்தினால் கையும் கீழே உள்ள பட்டையும் மறையும், எஃப்2 படம் எடுக்கும்.

ஏ3 தாளுக்கு 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், 4961-க்கு 3508 பிக்சல் வேண்டும். நீ அனுப்பியது 1920 அகலம். விரித்தால் 116 டிபிஐ-தான் தேறும். உன் மானிட்டர் சின்னதானாலும் திரையைவிடப் பெரிய அளவில் கேமை ஓட்டும் வசதி கிராஃபிக்ஸ் டிரைவரிலேயே உண்டு: என்விடியா என்றால் டிஎஸ்ஆர், ஏஎம்டி என்றால் விஎஸ்ஆர். அதைப் போட்டு 3840-க்கு 2160 அளவில் கேமை முழுத்திரையில் ஓட்டி எடு. 232 டிபிஐ வரும், சுவரில் மாட்டும் படத்துக்குத் தாராளம்.

தாழ்வாரத்து நிழலை நீதான் வரைய வேண்டும். கீழே உள்ள நிறத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை லேயரில், கறுப்பு வேண்டாம், கருநீலம் எடுத்துக்கொள். ஒப்பாசிட்டி 35 சதவீதம் போதும். கூரை விளிம்பிலிருந்து எல்லாத் தூணுக்கும் ஒரே சாய்வில் விழட்டும். ஒரு தூணில் மாறினாலும் கண் உறுத்தும். நிஜ வானத்தை வெட்டி ஒட்டலாமா என்று கேட்டாயே, வேண்டவே வேண்டாம். வீடே பொம்மையாகிவிடும். கூர்மையாக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. அன்ஷார்ப் மாஸ்க்கின் ரேடியஸ் 3-இல் இருக்கும், 0.6-க்கு இறக்காவிட்டால் ஓட்டு விளிம்பில் வெள்ளைக்கோடு ஓடும். ஜேபெக் சிவப்பைக் கலங்கடித்துவிடும், அச்சுக்குப் பிஎன்ஜி கொடு.

பெரியம்மா அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் பூ கட்டுவார்கள். முதலில் அவர்கள் கண் தேடப் போவது அந்த இடத்தைத்தான் மச்சான். நீ அங்கே வைத்திருக்கிற பூந்தொட்டியை எடுத்துவிடு. வாசலுக்கு இடப்பக்கம் மூன்றாவது தூண் ஒரு பிளாக் தள்ளி நிற்கிறது. அதை ஜிம்ப்பில் மறைக்காதே, உலகத்துக்குள் போய் நகர்த்தி வை.

அன்புடன்,
உன் மச்சான்