விருப்பப் பாடத் தாள்களைத் தேர்ந்தெடுப்பது: ஐந்தாண்டு சட்டப் படிப்பு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தம்பி, தங்கைகளே,

பார் கவுன்சிலின் 2008 விதிகள் கேட்பது குறைந்தது 6 விருப்பத் தாள்கள். ஒரே பாடத் தொகுதியிலிருந்தும் (துறைவாரியாகப் பிரித்த பாடங்களின் குழு) எடுக்கலாம், பலவற்றிலிருந்தும் எடுக்கலாம். வழக்கறிஞராகப் பதியும்போது எந்தத் தொகுதி என்று யாரும் கேட்பதில்லை. வழக்கறிஞராகத் தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வின் 100 கேள்விகளில் கம்பெனிச் சட்டத்துக்கு 2, அறிவுசார் சொத்துரிமைக்கு 2. உரிமையியல் நடைமுறைக்கு மட்டும் 10. எனவே கார்ப்பரேட்டா கிரிமினலா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன் ஒன்றைப் பாருங்கள்: அந்தத் துறை வழக்கு எந்த மன்றத்தில் நடக்கிறது, அங்கே எழுந்து பேச யாருக்கு உரிமை?

கண்டுபிடிப்பாளர் சார்பில் காப்புரிமை விண்ணப்பங்களைக் கையாளும் காப்புரிமை ஏஜெண்டாகப் பதிய, 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும். பி.ஏ., எல்.எல்.பி. போதாது. பலருக்கு இது ஐந்தாம் ஆண்டில்தான் தெரிகிறது! டிரேட் மார்க்குக்கும் புவிசார் குறியீட்டுக்கும் அந்தத் தடை இல்லை; நாடு முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் ஆடிட்டரும் கம்பெனி செக்ரட்டரியும் உங்களோடு போட்டிக்கு நிற்பார்கள். கம்பெனிகள் சட்டத்தின் 432ஆம் பிரிவு அவர்களையும் அனுமதிக்கிறது. வருமான வரித் தீர்ப்பாயத்திலும் ஆடிட்டர் வாதாடலாம். வழக்கு உயர் நீதிமன்றம் ஏறினால்தான் அது முழுக்க வக்கீல் வேலை. குடும்ப நீதிமன்றத்திலோ, 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி வழக்கறிஞர் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கேட்க முடியாது. அனுமதி பெரும்பாலும் கிடைத்துவிடும், ஆனால் மனுப் போட வேண்டும்.

ஊரையும் பாருங்கள். தென்காசியில் தொழில் செய்யப்போகிறவருக்குச் சொத்து வழக்கும் மோட்டார் வாகன விபத்து இழப்பீடும் ஊரிலேயே உண்டு. கம்பெனித் தீர்ப்பாயமும், சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான பசுமைத் தீர்ப்பாயமும் சென்னையில்.

இன்டர்ன்ஷிப் மொத்தம் 20 வாரம். ஒரு ஆண்டில் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. அத்தனையையும் பெரிய நிறுவனங்களில் கழித்தவருக்கு ரிசர்ச் குறிப்பு எழுத வரும், பிராது எழுத வராது. முதல் 4 வாரத்தை விசாரணை நீதிமன்ற வக்கீலிடம் கொடுங்கள். எந்தச் சிறப்புத் துறைக்குப் போனாலும் இடைக்கால மனு, சாட்சி, ஆவணங்களைச் சான்றாகக் குறியிடுவது இல்லாமல் ஓடாது. அடுத்த ஆண்டு 4 வாரம் மேல்முறையீட்டுப் பக்கம். விசாரணை, மேல்முறையீடு இரண்டையும் ஒருமுறையாவது பார்க்கச் சொல்வதும் விதிதான். மீதியை மனத்தில் உள்ள துறைக்கு வையுங்கள்.

விருப்பத் தாள் படிவத்தில் கையெழுத்திடும் முன், அந்தத் துறை வழக்குகள் நடக்கும் மன்றத்தின் தினசரி வழக்குப் பட்டியலை ஒரு வாரம் தொடர்ந்து இணையத்தில் பாருங்கள். எத்தனை வழக்கு, எந்தப் பிரிவின் கீழ் என்று குறியுங்கள். 5 உத்தரவுகளை இறக்கி முழுதாகப் படியுங்கள். மூன்றாவதிலேயே சலித்துப்போனால் வேறு தொகுதியைப் பாருங்கள்.

இப்படிக்கு,
வழக்காடும் சிலர்